பகல் ஒரு மணி ரத்தம்

1984

ஜனவரி 9, இரவு 10.40: 0
பிப்ரவரி 13, இரவு 11.05: 0
மார்ச் 12, இரவு 10.50: 0
மார்ச் 27, பகல் 12.50: 23
மார்ச் 29, பகல் 1.10: 31
மார்ச் 29, இரவு 11.00: 0
ஏப்ரல் 16, இரவு 10.30: 2
ஏப்ரல் 30, இரவு 10.30: 11
மே 14, இரவு 10.30: 26
மே 21, இரவு 10.45: 29
ஜூன் 18, இரவு 11.10: 8
ஜூலை 9, இரவு 10.30: 0

இந்தப் பன்னிரண்டு வரிகளும் ஒரே மனிதரின் இடது கை மோதிர விரலிலிருந்து எடுத்த ரத்தத்தின் கணக்கு. ஒவ்வொரு முறையும் எடுத்தது இருபது கன மில்லிமீட்டர், அதாவது ஒரு பெரிய சொட்டு. கடைசியில் இருக்கும் எண், அந்தச் சொட்டில் நுண்ணோக்கி வழியே எண்ணப்பட்ட யானைக்கால் நோயின் இளம்புழுக்கள்.

அந்த மனிதர் யானைக்கால் தடுப்புப் பிரிவில் பத்தொன்பது வருடம் ரத்தம் எடுத்தவர், எடுத்ததை எண்ணியவர். வயது நாற்பத்தாறு. பிரிவில் எல்லோரும் அவரைப் பூஜ்யம் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய வேலையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கத்து ரத்தக் குழாய்களில் பதுங்கியிருக்கும். இரவில்தான் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். கொசு கடிக்கிற நேரம் பார்த்து வாசலுக்கு வந்து நிற்கிற மாதிரி. அதனால் பிரிவின் ஆட்கள் இரவு எட்டரை முதல் பன்னிரண்டு வரை வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, தூங்குகிறவர்களை எழுப்பி, விரலைக் குத்தி ஒரு சொட்டு வாங்குவார்கள். எந்த நேரத்திலும் ஒரு சொட்டு ரத்தத்தை விட்டுப் பார்க்கக்கூடிய காகித அட்டைச் சோதனை அப்போது அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊசி, பஞ்சு, ஸ்பிரிட், இருபத்தைந்து கண்ணாடித் தகடு கொள்ளும் மரப்பெட்டி, டார்ச். இவ்வளவுதான் சாமான். வாங்கிக் கட்டிக்கொள்ளும் வசவு தனி.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் வேலை முடியாது. முந்தைய நாள் எடுத்த தகடுகள் சாயமேறிக் காத்திருக்கும். அவற்றை விடிகாலை ஐந்து வரை எண்ண வேண்டும். ஆறு மணிக்கு வீடு. வீட்டின் உள்ளறை ஜன்னலில் பழைய எக்ஸ்ரே படங்களை ஒட்டி வெளிச்சத்தை அடைத்திருந்தார். மேகமூட்டமான நாட்களில்கூட அந்தக் கண்ணாடியில் யாருடைய விலா எலும்போ மங்கலாகத் தெரியும். அதன் கீழே மதியம் இரண்டு மணி வரை தூங்குவார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். உடம்பு பழகிவிட்டது.

பகலில் தகடுகளைக் கழுவிச் சாயமேற்றும் வேலை ஒரு அம்மாவுடையது. ஐம்பது தாண்டியவர், விரல் நுனியெல்லாம் ஊதா. சாயக்கார அக்கா என்பார்கள். புதுச் சாயப் புட்டி வந்தால் அக்கா அதை இரண்டு தகடுகளில் சோதித்துப் பார்ப்பார். ஒன்று புழு இருக்கும் என்று தெரிந்த தகடு, இன்னொன்று புழு இல்லை என்று தெரிந்த தகடு. மட்டமான சாயம் கசடு விடும், கசடு நூல் நூலாக நின்று புழு மாதிரிக் கண்ணை ஏமாற்றும். இல்லாத தகட்டில் நூல் தெரிந்தால் சாயம் கெட்டது. பதினோரு வருடமாக அந்த இல்லாத தகடு நம்மவரின் ரத்தம். மாதத்துக்கு ஒருமுறை, நடு இரவுக்கு முன், அவர் தன் விரலைத் தானே குத்திக் கொடுத்துவிடுவார். ஒரு தடவைகூட ஒரு புழு தெரிந்ததில்லை.

"உன் ரத்தம் குழாய்த் தண்ணி தம்பி" என்பார் அக்கா. பெயர் அப்படி வந்ததுதான்.

ஆனால் 1983 ஜூலையிலிருந்து பூஜ்யத்துக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்திருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டும். இடது காலில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இறங்கும். மூன்று நாள் ஆளைப் போட்டு உலுக்கிவிட்டுப் போய்விடும். எட்டு மாதத்தில் மூன்று முறை. ஆயிரக்கணக்கான பேரிடம் அவர் கேட்டு எழுதிய அதே அடையாளங்கள். இரவு நடையை விட்டுப் பகல் மேஜை வேலைக்கு மாற்றுங்கள் என்று மனு கொடுத்தார். விதிப்படி அதற்கு ஒரே ஒரு வழி உண்டு. ஊழியரின் ரத்தத்தில் புழு இருப்பது பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். அவருடைய பெயருக்கு எதிரே பதினோரு வருடப் பூஜ்யம்தான் இருந்தது. மனு திரும்பி வந்தது.

மார்ச் 27 மதியம் புதுச் சாயம் வந்தது. பழைய இல்லாத தகடு அக்காவின் கையிலிருந்து நழுவி உடைந்து போயிருந்தது. பூஜ்யத்தின் வீடு இரண்டு தெரு தள்ளித்தானே என்று அக்கா ஊசியும் தகடுமாகக் கிளம்பிவிட்டார். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கதவைத் தட்டினார். பூஜ்யம் அரைத்தூக்கத்தில் வந்து தாழ்ப்பாளை நீக்கி, கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டினார்.

"யாருன்னு பார்க்காமலே கையக் கொடுக்கிறியே, கையெழுத்து கேட்டாலும் போட்டுடுவ போல."

"சீக்கிரம் குத்துங்கக்கா. கனவு பாதியில நிக்குது."

மூன்று மணிக்கு அக்கா அந்தத் தகட்டைப் பார்த்தார். நூல் நூலாகத் தெரிந்தது. சாயம் கெட்டது என்று முழுப் புட்டியையும் சாக்கடையில் கொட்டிவிட்டார். அடுத்த புட்டியைத் திறந்து, தகட்டின் மறு ஓரத்தில் எடுத்து வைத்திருந்த இரண்டாவது சொட்டுக்குச் சாயம் போட்டார். மறுபடியும் நூல். அப்போதுதான் பெரிய லென்சைத் திருப்பினார். கசடுக்கு மேலே உறை இருக்காது, உடம்புக்குள் புள்ளி வரிசையாக ஓடாது. இதற்கு இரண்டும் இருந்தன. இருபத்து மூன்று. சாயங்காலம் பூஜ்யம் வேலைக்கு வந்ததும் அக்கா அவரைத் தோளைப் பிடித்து நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தார்.

"யாருதுக்கா இது?"

"உன்னுது."

பூஜ்யம் மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் இருபத்து மூன்று. பிறகு சிரித்தார். தனக்கு யானைக்கால் புழு இருக்கிறது என்று தெரிந்து சிரித்த மனிதரை அக்கா அதுவரை பார்த்ததில்லை.

ஒரு தகடு போதாது என்பது அவருக்குத் தெரியும். மார்ச் 29 அன்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா சீருடை தைக்கும் கடையில் பகல் முழுக்க இயந்திரம் மிதிப்பவர். அரை நாள் விடுப்பு போட்டு வந்தார்.

"நான் நல்லாத் தூங்கின பிறகு குத்தணும். ஒரு மணிக்கு மேல. ஒரே குத்து, ஆழமா."

"இருபது வருஷமா ஊசியோடதான் குடித்தனம் பண்றேன். எனக்குப் பாடமா?"

ஆனால் தூங்குகிற புருஷனின் விரலைப் பிடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டே குத்தினார். முதல் குத்து மேலாகப் போய்விட்டது. அவர் திடுக்கிட்டு எழப் பார்த்தார். அந்த அம்மா அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் படுக்க வைத்தார்.

"தூங்குங்க, தூங்குங்க. ஒண்ணுமில்ல. இன்னொரு குத்துதான்."

"இப்படிச் சொன்னா யாருக்குடி தூக்கம் வரும்?"

முப்பத்தொன்று. அன்று இரவு பதினோரு மணிக்கு, வேலைக்கு நடுவே, தன் விரலைத் தானே குத்திப் பார்த்தார். பூஜ்யம்.

அன்றைக்கு விடியும் வரை அவர் வேறு தகடு எதையும் எண்ணவில்லை. புழு சூரியனைப் பார்த்து நடப்பதில்லை, ஆள் தூங்குவதைப் பார்த்து நடக்கிறது. இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்குகிறவன் உடம்பில் அது பகலில்தான் வெளியே வரும். இதைப் புரிந்துகொண்டவர் அலமாரியைத் திறந்து பழைய பதிவேடுகளை எடுத்தார். தொழில் என்ற பத்தியில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். இரவுக் காவல்காரர், ரொட்டி அடுப்புக்காரர், அச்சகத்தில் இரவு முறைக்காரர் என்று வேலை இடத்துக்கே போய் ரத்தம் எடுத்தவர்கள். பதினோரு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர். மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேரிடம் புழு இருந்தது. இவர்களில் ஒருவரிடமும் இல்லை. எல்லாம் அவர் கையெழுத்தில் போட்ட பூஜ்யம். அவர்களில் சிலருடைய வீங்கிய காலை அவர் பின்னால் தெருவில் பார்த்திருக்கிறார்.

"சரி, இருபத்து மூணையும் முப்பத்தொண்ணையும் பதிவேட்டுல ஏத்திடு" என்றார் அக்கா, மறுநாள் சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "ஆனா மணிய மட்டும் இராத்திரி பதினொண்ணுன்னு போட்டுக்கோ. யாரு பார்க்கப் போறா?"

"பகல் ஒண்ணு பத்துக்கு எடுத்ததுக்கா."

"எடுத்தது எனக்குத் தெரியும். புழு இருக்கிறது உண்மைதானே? மணியில என்ன வந்துது?"

"மணிதாங்க்கா விஷயமே. அதை மாத்திட்டா இந்த இருநூத்துச் சொச்சம் பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ஏப்ரல் 2 அன்று பகல் 12.50, பகல் 1.10 என்று தெளிவாக எழுதி இரண்டையும் ஏற்றினார். ஏப்ரல் 4 அன்று மேற்பார்வையாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வுக்கு இரண்டு வருடமே மிச்சமிருந்த, எந்தக் காகிதத்தையும் மறுபக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுகிற மனிதர்.

"என்னய்யா இது? பகல்ல ரத்தத்துல புழுவா?"

"ஆமா சார்."

"பகல்ல வராது. வராதுன்னுதானே பத்தொன்பது வருஷமா உன்னை ராத்திரியில ஊர் சுத்த விட்டிருக்கோம்?"

"நான் பகல்ல தூங்கறவன் சார். அதனால என் உடம்புல..."

"உனக்குன்னு தனிப் புழுவா? அளவெடுத்துத் தைச்சுக் கொடுத்தாங்களா?"

பூஜ்யம் இரண்டு தகடுகளையும் மேஜையில் வைத்தார். மேற்பார்வையாளர் அவற்றைத் தொடவில்லை. தகட்டில் புழு இல்லை என்று அவர் சொல்லவில்லை. அது யார் ரத்தம் என்றுதான் கேட்டார். பகல் மேஜை கிடைக்கவில்லை என்றதும் யாரோ ஒரு நோயாளியின் தகட்டில் பூஜ்யம் தன் பெயரை மாற்றி ஒட்டிவிட்டதாக மேலே எழுதினார். விதித்த நேரத்துக்கு வெளியே எடுத்ததை இரவுப் பதிவேட்டில் ஏற்றியது இன்னொரு குற்றம். ஏப்ரல் 6 முதல் பூஜ்யம் தற்காலிக நீக்கம்.

வீட்டில் உட்கார்ந்தவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. மாத்திரை பன்னிரண்டு நாள் கோர்ஸ், எத்தனையோ பேருக்கு அவரே கொடுத்தது. அக்காவிடம் சொன்னால் வந்துவிடும். விழுங்கினால் ரத்தத்துப் புழு செத்துப்போகும். புழு செத்தால் அவர் சொன்னது உண்மை என்று காட்ட உலகத்தில் எதுவும் மிச்சமிருக்காது. இன்னொரு வழி, இரவில் தூங்கிப் பழகுவது. புழு நிஜமாகவே தூக்கத்தைப் பார்த்து நடக்கிறது என்றால் கொஞ்ச நாளில் அது இரவுக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் பிரிவு விதித்த நேரத்தில் மேலதிகாரிகளையே தன் விரலைக் குத்திப் பார்க்கச் சொல்லலாம்.

"அதுவரைக்கும் அந்தக் கருமத்தை உடம்புல வச்சு வளர்க்கப் போறீங்களா?" என்றார் மனைவி.

"சாட்சியாச்சே."

"சாட்சிக்குச் சோறு போடறது உங்க கால்தானே! நல்லா இருக்கு நியாயம்."

இரவுத் தூக்கம் லேசில் வரவில்லை. முதல் வாரம் நடு இரவில் பேய் மாதிரி உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் காலையில் மனைவி எழுந்து பார்த்தபோது தன் பொத்தான் டப்பாவில் பொத்தான்கள் அளவு வாரியாகப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் எண்ணிக்கை எழுதப்பட்டிருந்தது. ஜன்னலின் எக்ஸ்ரே படங்களை அந்த அம்மா ஒவ்வொன்றாக உரித்தார். பகலில் அவர் தலை சாய்ந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்தார். மெல்ல மெல்ல உடம்பு வழிக்கு வந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரவு பத்தரைக்கு மனைவி விரலைக் குத்தி எடுத்த தகட்டை, காலையில் சாப்பாட்டு டப்பாவின் மேல் தட்டில் வைத்து அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவார். இரண்டு. பதினொன்று. இருபத்தாறு. அக்கா எண்ணைச் சொல்லி அனுப்பும் ஒவ்வொரு சாயங்காலமும் பூஜ்யத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோகும்.

மே 21 விசாரணைக்காக மேற்பார்வையாளரே இரவில் வந்தார். தன் ஊசி, தன் தகடு, தன் பேனா. சந்தேகத்துக்கு இடமில்லாமல் பூஜ்யத்தின் கையை அவரே துடைத்தார். குத்தியதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சாயம் போடும்போது பக்கத்திலேயே நின்றார். அவரே எண்ணினார். இருபத்தொன்பது.

அடுத்த நாள் காலை பூஜ்யத்தைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் ரத்தம்தான்யா. நான் தப்பா எழுதிட்டேன். குற்றச்சாட்டை எடுத்துடறேன்."

"அப்ப பகல் மேஜை சார்?"

"அது என் கையில இல்ல. தலைமை அலுவலக மருத்துவக் குழு ஒருதரம் பார்த்து உறுதி பண்ணணும். ஜூலை ஒன்பது தேதி கொடுத்திருக்காங்க. அதுவரைக்கும் மாத்திரை மட்டும் சாப்பிட்டுடாத, காரியம் கெட்டுடும். ஜூன் ஒண்ணாந்தேதி வந்து பழையபடி ராத்திரி வேலையில சேர்ந்துக்கோ."

பூஜ்யம் மேஜையிலிருந்த நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார்.

"சார், ராத்திரி வேலையில சேர்ந்தா நான் பகல்ல தூங்கணும். பகல்ல தூங்கினா ஜூலைக்குள்ள புழு பகலுக்குப் போயிடும். குழு ராத்திரியில குத்தினா பூஜ்யம்தான் வரும்."

மேற்பார்வையாளர் இதைக் கவனமாகக் கேட்டார். விரல் விட்டுக்கூடப் பார்த்தார். "நீ சொல்றது எனக்குப் புரியுது" என்றார். "ஆனா எந்த விதியில இதை எழுதறது?"

விடுப்பு கேட்டார். அவர் கணக்கில் இருந்த விடுப்பு அறுபத்தொரு நாள். நீக்கக் காலம் ஏப்ரல் 6 முதல் மே 31 வரை ஐம்பத்தாறு நாள். குற்றம் நிரூபணமாகவில்லை, ஆகவே தண்டனை இல்லை, ஆகவே அந்த நாட்கள் விடுப்பில் கழிக்கப்பட்டன என்று உத்தரவு வந்தது. மிச்சம் ஐந்து. ஜூன் 1 அன்று மரப்பெட்டியைத் தூக்கினார். ஜன்னலில் எக்ஸ்ரே படங்கள் மறுபடி ஏறின. வேலை நேரத்தில் தூங்கினால் வேலையே போய்விடும். ஒன்றிரண்டு நாள் பகலில் தூங்காமல் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் இரவு ஒரு வீட்டு வாசலில், குழந்தையின் விரலைக் கையில் பிடித்தபடியே கண் செருகிவிட்டது. குழந்தையின் தகப்பன் தட்டி எழுப்பினார். அதன் பிறகு அவர் முயலவில்லை.

ஜூன் 18 அன்று எட்டு. ஜூன் 20 அன்று நாலாவது காய்ச்சல் வந்தது. மிச்சமிருந்த ஐந்து நாள் விடுப்பும் அதில் கரைந்தது. காய்ச்சல் இறங்கியது. இந்த முறை கணுக்காலின் வீக்கம் இறங்கவில்லை. இடது செருப்பின் வாரை மனைவி ஒரு துளை தள்ளி மாட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துச் சாப்பாடு போடும்போதுதான் கேட்டார்.

"நான் ஒண்ணு கேட்பேன். கோபப்படக் கூடாது. குழு என்ன சொல்லும்னு உங்களுக்கே தெரியுதே. பின்ன எதுக்குக் காத்திருக்கீங்க?"

"அந்த லிஸ்ட்டையும் மனுவோட அனுப்பியிருக்கேன். இருநூத்துப் பதினாலு பேரு. குழுவுல ஒருத்தராவது டாக்டரா இருப்பாரில்ல, படிச்சா புரியும்."

"படிச்சா."

"படிப்பாங்க."

"ஒன்பதாந்தேதி வரைக்கும் பொறுக்கறேன். பத்தாந்தேதி காலையில முதல் மாத்திரை என் கையால. சரின்னு சொல்லுங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் சரி என்றார்.

ஜூலை 9 அன்று தலைமை அலுவலகத்துக்குப் பேருந்தில் நாலு மணி நேரம் போனார். பயணத்தில் கண் அசந்துவிடக்கூடாது என்று நின்றுகொண்டே போகவில்லை, அசந்தால் நல்லது என்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டும் போகவில்லை. இரண்டாலும் இனிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். குழுவின் மருத்துவர் இளையவர், மரியாதை தெரிந்தவர். பத்தரைக்கு விரலைக் குத்தினார். தகடு காயும் வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க மனுவைப் படிச்சேன். இப்படி நடக்கலாம்னு எங்கேயோ படிச்ச ஞாபகம் இருக்கு. சுவாரசியமான விஷயம்."

"நாளைக்குப் பகல் ஒரு மணிக்கு ஒரு சொட்டு எடுத்துப் பாருங்க டாக்டர். இங்கேயே பெஞ்சில தூங்கறேன்."

"எனக்கு ஆசைதான். ஆனா எட்டரையிலிருந்து பன்னிரண்டுக்குள்ள எடுத்ததைத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். பகல்ல எடுத்தா அது என் சொந்த ஆர்வம். அறிக்கையில போகாது."

"இருநூத்துப் பதினாலு பேரு டாக்டர்."

"அதைத் தனியா எழுதிக் கேளுங்க" என்றார் மருத்துவர், தகட்டைச் சாயத்தில் இறக்கியபடி. இரவு இரண்டு மணிக்குப் பூஜ்யத்தையே நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்து, நீங்களும் பாருங்கள் என்றார். பூஜ்யம் தகட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, ஒரு வரிகூட விடாமல் பார்த்தார். பார்த்துவிட்டு அவரே சொன்னார், எதுவும் இல்லை என்று.

ஜூலை 10 காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மனைவி கடைக்குப் போகாமல் காத்திருந்தார். உள்ளங்கையில் மாத்திரை, மறு கையில் தம்ளர். அவர் வாங்கி விழுங்கினார். அன்று மாலை தலை பிளக்கும் வலியும் குளிர் காய்ச்சலும் வந்தன. ரத்தத்தில் புழு கூட்டமாகச் சாகும்போது அப்படித்தான் வரும். நோயாளிகளுக்கு அவர் ஆயிரம் முறை சொன்ன விஷயம். தன்னிடம் இருந்தது என்பதற்கு அவருக்குக் கிடைத்த கடைசி அத்தாட்சி அந்தக் காய்ச்சல்தான். அதை எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற வழியில்லை.

"நடுங்குதா?" என்றார் மனைவி, போர்வையை இழுத்து மூடியபடி.

"நல்லா நடுங்குது."

"நடுங்கட்டும். ஒழியட்டும் எல்லாம்."

பன்னிரண்டு நாள் மாத்திரையும் ஜூலை 21 அன்று முடிந்தது. காய்ச்சல் அதன் பிறகு வரவில்லை. கணுக்கால் அப்படியே நின்றது. அவர் ஒவ்வொரு மாலையும் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இரவுக் காவல்காரரைக் கண்டால் விரலைக் குத்தாமல், பகலில் எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்று மட்டும் கேட்டுத் தன் சட்டைப் பையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். அந்தத் தாளில் யாரிடம் கொடுப்பது என்பதற்கான பத்தி இல்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் மூன்றே வாக்கியம். ஊழியரின் ரத்தத்தில் புழு காணப்படவில்லை. பகல் மேஜைக்கான கோரிக்கை இத்துடன் முடிக்கப்படுகிறது. மனுவோடு இணைத்திருந்த பட்டியல் இப்பிரிவுக்குத் தொடர்பற்றது என்பதால் திருப்பி அனுப்பப்படுகிறது. தபால்காரர் வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கினார், அவரை எழுப்பவில்லை. கடிதம் வந்த நாள் 1984 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை.